அவுட்லுக், தண்டர்பேர்டுல காணாமப்போன மெயிலை மீட்குறது எப்படி: முழு வழிகாட்டி

மெயில் காணோம்னு தெரிஞ்சதும் செய்யவேண்டிய மொத வேலை, மெயில் படிக்கிற ப்ரோக்ராம் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ எதுவா இருந்தாலும் அதை மூடுறதுதான். மூடிட்டு கைய எடுத்துருங்க. திரும்பத் திரும்பத் திறந்து பாக்குறது, ரிப்பேர் பட்டனை அமுக்குறது, அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போடுறது, யூடியூப்ல யாரோ சொன்ன டூலை இறக்கி ஓட்டுறது, இதெல்லாம் இப்போதைக்கு வேணாம். மதுரைல கடைகளுக்கும் ஆஃபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன், "அண்ணே இன்பாக்ஸ் முழுசா போயிருச்சுண்ணே, ஆடிட்டர் நாளைக்குக் கேப்பாரு"ன்னு போன் வரும், போய்ப் பாத்தா பெரும்பாலும் மெயில் டிஸ்க்லயேதான் கெடக்கும், ஆனா சில எடத்துல நான் போய்ச் சேர்றதுக்குள்ள பதட்டத்துல அங்கிட்டு இங்கிட்டு அமுக்கி நெசமாவே அழிச்சு வச்சிருப்பாங்க. அப்படி நடக்கக்கூடாதுங்கிறதுக்காகத்தான் இம்புட்டு விவரமா எழுதுறேன்.

மூடிட்டோம்னு நெனச்சாலும் சில நேரம் அவுட்லுக் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதுல அவுட்லுக் பேரு இல்லைன்னு பாத்துக்கங்க. அப்புறம் மெயில் இருக்குற ஃபைலை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்லயோ பென்டிரைவ்லயோ காப்பி எடுங்க. இனிமே செய்யப்போற எந்த வேலையும் இந்தக் காப்பி கைல இருந்தாத்தான். கெட்டுப்போன ஃபைலை எதுக்குக் காப்பி எடுக்கணும்னு கேப்பாங்க, ரிப்பேர் பண்ற டூல் தனக்குப் புரியாத பகுதியை வெட்டிப் போட்டுரும், வெட்டினது திரும்ப வேணும்னா இந்தக் காப்பிலதான் இருக்கும்.

ஃபைல் எங்க இருக்கு

பாதையைப் பாக்க மட்டும் ஒரு தடவை திறக்கலாம், பாத்ததும் மூடிட்டுக் காப்பி எடுங்க. அவுட்லுக்ல ஃபைல் மெனு, அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதுல டேட்டா ஃபைல்ஸ் டேப், அங்க பாதை முழுசா இருக்கும். அவுட்லுக் திறக்கவே மாட்டேங்குதுன்னா கன்ட்ரோல் பேனல்ல மெயில்னு ஒரு ஐகான் இருக்கும், அது வழியாவும் அதே எடத்துக்குப் போகலாம். அவுட்லுக் மெயிலைச் சேத்து வைக்கிற ஃபைலோட பேரு .பிஎஸ்டின்னு முடிஞ்சா பொதுவா டாக்குமெண்ட்ஸ்க்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ்ங்கிற ஃபோல்டர்ல இருக்கும், .ஓஎஸ்டின்னு முடிஞ்சா ஆப்டேட்டாக்குள்ள லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக்னு உள்ள போய்க்கிட்டே இருக்கணும்.

தண்டர்பேர்டுக்கு ஹெல்ப் மெனு, ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதுல ப்ரொஃபைல் ஃபோல்டர் (உங்க மெயில், அக்கவுண்ட், செட்டிங் எல்லாம் இருக்குற எடம்) பக்கத்துல ஓப்பன் ஃபோல்டர் பட்டன். தொறக்குற ஃபோல்டர் முழுசையும் காப்பி எடுங்க, பாதி பாதியா எடுக்காதீங்க. எடுக்குறதுக்கு முன்னாடி தண்டர்பேர்டை மூடிருங்க.

பாப்-ஆ, ஐமேப்-ஆ?

சர்வர்லருந்து மெயிலை எடுக்குற ரெண்டு முறைதான் பாப், ஐமேப். உங்களது எதுன்னு தெரிஞ்சுக்காம ஒரு அடி கூட முன்னாடி போக முடியாது. அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல பாப்னு போட்டிருக்கா ஐமேப்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஐமேப், இல்ல மைக்ரோசாஃப்ட்டோட ஆஃபீஸ் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365ன்னா மெயிலோட அசல் சர்வர்ல இருக்கு, உங்க கம்ப்யூட்டர்ல இருக்குறது நகல்தான், நகல் கெட்டா அழுக வேண்டியதில்ல. பாப்னா மெயில் சர்வர்லருந்து எறங்கி உங்க டிஸ்க்குக்கு வந்துரும், சர்வர்ல விட்டுவைக்கச் சொல்லியிருந்தாலும் அவுட்லுக்ல சாதாரணமா 14 நாள்ல அங்கருந்து எடுத்துரும். கப்பலூர் சிட்கோலயும் மேலூர் கிரானைட் ஆஃபீஸ்கள்லயும் கம்பெனி பேர்ல டொமைன் வாங்கி, பல வருசத்துக்கு முன்னாடி யாரோ பாப்ல செட் பண்ணிக் குடுத்தது அப்படியே ஓடிக்கிட்டிருக்கும், பையர் ஆர்டர்லருந்து ஷிப்பிங் பில் வரைக்கும் ஒரே ஒரு பிஎஸ்டிக்குள்ள. அவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி, அவங்களுக்குத்தான் இந்த வழிகாட்டில பெரும்பகுதி.

எந்த வகையா இருந்தாலும் ப்ரௌசர்ல வெப்மெயில்ல லாகின் பண்ணி அங்க மெயில் இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க. இருந்துச்சுன்னா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சுது.

மெயில் இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியல

அழிஞ்சதே இல்லாம அழிஞ்ச மாதிரி தெரியுற கேஸ் நெறைய. அவுட்லுக்ல வியூ டேப்புக்குப் போய் ரீசெட் வியூ குடுங்க, யாராவது ஃபில்டர் போட்டு விட்டிருந்தா அதோட சரியாயிரும். ஃபோகஸ்டு, அதர்னு ரெண்டா பிரிச்சுக் காட்டுதுன்னா அதரைத் திறந்து பாருங்க. பழைய மெயில் மட்டும் இல்லைன்னா ஆட்டோ ஆர்க்கைவ் ஓடியிருக்கலாம், ஆர்க்கைவ்ங்கிற பேர்ல தனி பிஎஸ்டி இருக்கும், ஃபைல் மெனுல ஓப்பன் குடுத்துத் திறந்தா எல்லாம் உக்காந்திருக்கும். 365 அக்கவுண்ட்ல ஒரு வருசத்துக்கு முன்னாடி மெயில் தெரியலைன்னா அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல எத்தனை மாச மெயிலை ஆஃப்லைன்ல வைக்கணும்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதை ஆல்ங்கிற வரைக்கும் இழுங்க. கண்ணால பாத்தா இருக்கு, தேடினா வரலன்னா அது இண்டெக்ஸ், அதாவது தேடுறதுக்குன்னு விண்டோஸ் வச்சிருக்குற பட்டியலோட கோளாறு, கன்ட்ரோல் பேனல்ல இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்ட், அம்புட்டுதான்.

இப்போ இன்னொண்ணும் அடிக்கடி வருது. விண்டோஸோட பழைய மெயில் ஆப்புக்கு ஆதரவு 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, அதுல இருந்தவங்களைப் புது அவுட்லுக்குக்கு நகர்த்திட்டாங்க, பழைய அவுட்லுக் வச்சிருக்குறவங்களுக்கும் மேல மூலைல ஒரு ஸ்விட்ச் இருக்கு, தெரியாம அதைத் தட்டினா புதுசு திறக்கும், அதுல பிஎஸ்டி பழையபடி வராது, உடனே எல்லாம் போச்சுன்னு பதறுவாங்க. ஸ்விட்சைத் திரும்பத் தட்டி பழசுக்கு வந்தா பிஎஸ்டி இருந்த எடத்துலயே இருக்கும்.

தண்டர்பேர்டுலயும் இதே கதை உண்டு. அப்டேட் ஆனதுக்கப்புறமோ மறுபடி இன்ஸ்டால் பண்ணதுக்கப்புறமோ புதுசா அக்கவுண்ட் போடச் சொல்லி வெறும் திரை வந்து நின்னா, அது புது ப்ரொஃபைலைத் திறந்திருக்குன்னு அர்த்தம், பழசு பக்கத்துல பத்திரமா இருக்கும். அதே ட்ரபுள்ஷூட்டிங் பக்கத்துல ப்ரொஃபைல்ஸ்னு ஒரு வரி, அந்த லிங்க்ல போனா இருக்குற ப்ரொஃபைல் எல்லாம் வரிசையா வரும், பழசை டீஃபால்ட்டா வச்சுட்டு மறுபடி திறங்க. புது அக்கவுண்டை மட்டும் போட்டுறாதீங்க, பாப்னா சர்வர்ல மிச்சமிருக்குற மெயில் புது ப்ரொஃபைலுக்கு எறங்கி ரெண்டு எடத்துல பிரிஞ்சு கெடக்கும், அப்புறம் சேக்குறது தனி வேலை.

நாமளே டெலிட் பண்ணிட்டோம்னா

ட்ராஷ்ல பாருங்கன்னு சொல்லத் தேவையில்ல. ஜிமெயில்ல ட்ராஷுக்கு பின்னு பேரு, அதுல 30 நாள் இருக்கும். ஆனா தண்டர்பேர்டு வழியா ஐமேப்ல டெலிட் பண்ற ஜிமெயில் அக்கவுண்ட்காரங்க ஆல் மெயில் ஃபோல்டரையும் கண்டிப்பா தேடணும், தண்டர்பேர்டு மெயிலை ட்ராஷுக்கு நகர்த்தாம அழிச்ச குறி மட்டும் வச்சிருந்தா, ஜிமெயிலோட சாதாரண செட்டிங்ல அது ஆர்க்கைவுக்குப் போய் அங்கயே தங்கிரும், ட்ராஷுக்கே வராது. கம்பெனிக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் வாங்கியிருந்தா பின்லருந்து போனதுக்கப்புறமும் 25 நாளைக்குள்ள அட்மின் நெனச்சா மீட்டுத் தர முடியும், இது நெறைய பேருக்குத் தெரியாது.

எக்ஸ்சேஞ்ச், 365ன்னா அவுட்லுக்ல ஃபோல்டர் டேப்ல ரெக்கவர் டெலிட்டட் ஐட்டம்ஸ்னு இருக்கும், டெலிட்டட் ஐட்டம்ஸையும் காலி பண்ணினதுக்கப்புறம் கூட அதுல கெடக்கும். சாதாரணமா 14 நாள், அட்மின் நீட்டி வச்சிருந்தா 30 நாள். தேதி நெருங்கிருச்சுன்னா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு மொதல்ல இதைச் செய்ங்க.

சொந்த டொமைன்காரங்க ஹோஸ்டிங் எடுத்த எடத்துக்கு அன்னைக்கே போன் அடிச்சு, இன்ன தேதிக்கு முந்தின பேக்கப்லருந்து இந்த மெயில்பாக்ஸ் வேணும்னு கேளுங்க. புது பேக்கப் வர வர பழசை அழிச்சுக்கிட்டே போவாங்க, தள்ளிப்போட்டா கெடைக்காது.

தண்டர்பேர்டு: அழிச்ச மெயில் ஃபைலுக்குள்ளயேதான் இருக்கு

தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டர்ல இருக்குற மெயில் எல்லாத்தையும் சாதாரணமா ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதும், எம்பாக்ஸ்னு பேரு. ப்ரொஃபைலுக்குள்ள மெயில்ங்கிற ஃபோல்டர்ல போனா இன்பாக்ஸ்னு எக்ஸ்டென்ஷனே இல்லாம ஒரு பெரிய ஃபைல், பக்கத்துல இன்பாக்ஸ் .எம்எஸ்எஃப்னு சின்னதா ஒரு ஃபைல் இருக்கும். பெருசு குடோன்ல இருக்குற மூட்டை, சின்னது ஸ்டாக் நோட்டு. கீழமாசி வீதில மொத்தக் கடைல நோட்டு தொலைஞ்சா மூட்டை தொலைஞ்சதாகாது, நோட்டைப் புதுசா எழுதிக்கலாம், அதே மாதிரிதான்.

அதனால மெயில் பாதி தெரியுது, சப்ஜெக்ட் ஒண்ணு திறந்தா வேற மெயில் வருது, எண்ணிக்கை தப்பா காட்டுதுன்னா, அந்த ஃபோல்டர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். இல்லைன்னா தண்டர்பேர்டை மூடிட்டு எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் வேற எடத்துக்கு நகர்த்திட்டுத் திறங்க, அதுவே புதுசா எழுதிக்கும். எக்ஸ்டென்ஷன் இல்லாத பெரிய ஃபைல் மேல கைய வச்சுறாதீங்க, அதுலதான் மெயிலே இருக்கு.

டெலிட் பண்ணின மெயிலை மீட்குறது எப்படின்னா, தண்டர்பேர்டு டெலிட் பண்ணும்போது அந்த வரிகளை உடனே அழிக்கிறதில்ல, மெயிலோட தலைப்பகுதில எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல நாலு எழுத்துல ஒரு எண், அந்த எண்ணை மாத்தி அழிஞ்சதுன்னு குறி வைக்குது, அவ்வளவுதான். ஷிஃப்ட் டெலிட் அடிச்சாலும் இதேதான். காம்பாக்ட் ஓடும்போதுதான் குறி வச்சதை நெசமா வெட்டி எறியும். காம்பாக்ட் ஓடலைன்னா மெயில் அங்கயேதான் இருக்கு. அதான் ஆரம்பத்துலயே மூடுங்கன்னு கத்தினேன், தண்டர்பேர்டு எடம் மிச்சம் பண்றேன்னு தானாவே காம்பாக்ட் பண்ணிரும்.

செய்முறை இதான். மொதல்ல நெட்டைத் துண்டிச்சுட்டு, தண்டர்பேர்டைத் திறந்து செட்டிங்ஸ், ஜெனரல், கடைசி வரைக்கும் எறங்கினா டிஸ்க் ஸ்பேஸ் பகுதில காம்பாக்ட் ஆல் ஃபோல்டர்ஸ்னு ஒரு டிக், அதை எடுத்துருங்க, திறந்ததும் காம்பாக்ட் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க, அப்புறம் மூடுங்க. இப்போ இன்பாக்ஸ் ஃபைலோட காப்பியை நோட்பேட் பிளஸ் பிளஸ்ல திறங்க, விண்டோஸ்ல வர்ற சாதா நோட்பேட் பெரிய ஃபைலுக்குத் தாங்காது. தொலைஞ்ச மெயிலோட சப்ஜெக்டையோ அனுப்பினவர் ஐடியையோ தேடுங்க, தமிழ் சப்ஜெக்ட் அப்படியே இருக்காது, குறியீடா மாறியிருக்கும், அதனால ஐடிய வச்சுத் தேடுறது நல்லது. கெடைச்சதும் கொஞ்சம் மேல அந்த ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்க, 0009 இல்ல 0008ன்னு இருக்கும். 8ங்கிற மதிப்புதான் அழிஞ்ச குறி, 1ங்கிறது படிச்ச குறி, ரெண்டும் சேந்தா 9, பதில் போட்ட மெயில்னா 000bன்னு கடைசில ஆங்கில எழுத்தும் வரலாம். அதை 0001ன்னு மாத்திட்டு சேவ் பண்ணுங்க. எல்லா மெயிலும் வேணும்னா ரீப்ளேஸ் ஆல்ல வெறும் எண்ணை மட்டும் போடாம அந்த ஸ்டேட்டஸ் வரியை முழுசா போட்டு 0009ஐ 0001 ஆக்கலாம், ஆனா முன்னாடி வேணும்னே அழிச்ச குப்பையும் சேந்து எந்திரிச்சு வரும், வேற ஃபோல்டருக்கு நகர்த்தின மெயிலோட பழைய பிரதியும் வரும், ரெட்டை ரெட்டையா தெரிஞ்சா பயப்படாதீங்க.

திருத்தின ஃபைலை அசல் மேல போடாம, ரெக்கவர்னு ஏதாவது புதுப் பேரு குடுத்து, எக்ஸ்டென்ஷன் இல்லாம, மெயில் ஃபோல்டருக்குள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ்ல போட்டுட்டு தண்டர்பேர்டைத் திறங்க. இடப்பக்கம் லோக்கல் ஃபோல்டர்ஸ்க்குக் கீழ புது ஃபோல்டரா வந்து நிக்கும், வேணும்ங்கிறதை அங்கருந்து இழுத்து எடுத்துக்கலாம். இதெல்லாம் பாப்புக்கும் லோக்கல் ஃபோல்டருக்கும்தான். ஐமேப்மெயில்ங்கிற ஃபோல்டர்ல இருக்குற ஃபைலைத் திருத்துறதுல பிரயோசனம் இல்ல, அங்க சர்வர் சொல்றதுதான் சட்டம்.

காம்பாக்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே கரண்டு போயிருச்சுன்னா அதே ஃபோல்டர்ல என்எஸ்டிஎம்பின்னு ஒரு ஃபைல் மிச்சம் கெடக்கலாம், அது காம்பாக்ட் எழுதிக்கிட்டிருந்த தற்காலிகப் பிரதி, அதுக்குள்ளயும் மெயில் இருக்கும், இதே மாதிரி பேரு மாத்தித் திறந்து பாருங்க. ஃபைல் நடுவுல குப்பை எழுத்தோ NULங்கிற காலி எழுத்தோ பக்கம் பக்கமா ஓடுதுன்னா, அடுத்து ஃப்ரம்னு வரி ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் அந்தக் குப்பையை மட்டும் காப்பில வெட்டி எடுங்க, ஒவ்வொரு மெயிலும் அந்த ஃப்ரம் வரிலதான் தொடங்கும்.

ஒருநாள் காலைல இன்பாக்ஸ் ஃபைலே மொத்தமா இல்லைன்னா ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்ட ஃபைலை அடைச்சு வைக்கிற குவாரன்டைனைத் திறந்து பாருங்க. ஒரே ஒரு மெயில்ல வைரஸ் இருந்தாலும் அதுக்கு மொத்த இன்பாக்ஸும் ஒரே ஃபைல்தானே, அப்படியே தூக்கி உள்ள போட்டுரும். மீட்டுட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேன்லருந்து விலக்கி வையுங்க.

அவுட்லுக்: ஸ்கேன்பிஎஸ்டி

பிஎஸ்டி திறக்கல, எரர் வருதுன்னா காசு குடுத்து எதையும் வாங்க வேணாம், ஆஃபீஸ் கூடவே ஸ்கேன்பிஎஸ்டின்னு ஒரு டூல் வருது. 2016, 2019, 365 எதுவா இருந்தாலும் ப்ரோக்ராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ரூட், ஆஃபீஸ்16 ஃபோல்டர்ல இருக்கும், 32 பிட் ஆஃபீஸ்னா எக்ஸ்86 போட்ட ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல. ஓட்டுறதுக்கு முன்னாடி பிஎஸ்டி எம்புட்டு பெருசோ அதுக்கு மேலயே டிஸ்க்ல காலி எடம் இருக்கணும். பிரௌஸ் பண்ணி ஃபைலைக் காட்டி ஸ்டார்ட் குடுங்க, 8 கட்டமா ஓடும், பெரிய ஃபைல்னா மணிக்கணக்கா ஆகும், நின்னுபோன மாதிரி தெரிஞ்சாலும் விட்டுருங்க. முடிஞ்சதும் பேக்கப் எடுக்கவாங்கிற டிக்கை எடுக்காம ரிப்பேர் குடுங்க. ஒரு தடவையோட நிறுத்தாதீங்க, எரர் இல்லைன்னு அதுவே சொல்ற வரைக்கும் மறுபடி மறுபடி ஓட்டணும், ஒரு எரரைச் சரிபண்ணினாத்தான் அதுக்குப் பின்னாடி இருக்குறது தெரியும்.

அப்புறம் அவுட்லுக்கைத் திறந்தா ரெக்கவர்டு பெர்சனல் ஃபோல்டர்ஸ்னோ லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுன்னோ வந்திருக்கலாம், எந்த ஃபோல்டர்னு கண்டுபிடிக்க முடியாத மெயிலை அதுல போட்டு வச்சிருக்கும். புதுசா ஒரு பிஎஸ்டி உருவாக்கி நல்ல மெயில் எல்லாத்தையும் அதுக்கு இழுத்துட்டு ரிப்பேர் ஆன பழசை ஓரங்கட்டிருங்க. ஒருவாட்டி கெட்ட பிஎஸ்டிலயே வேலையைத் தொடர்றது எனக்கு உடன்பாடு இல்ல.

ஏன் கெட்டுச்சுன்னும் பாக்கணும், இல்லைன்னா மறுபடி கெடும். அவுட்லுக் 2010லருந்து பிஎஸ்டிக்கு சாதாரண எல்லை 50 ஜிபி, 2003, 2007ல 20 ஜிபி, அதுக்கும் முந்தின பழைய வகை ஃபைல்னா 2 ஜிபிதான், எல்லையை ஒட்டி ஓடுற ஃபைல் எப்போ வேணாலும் படுத்துரும். பிஎஸ்டியை சர்வர் கம்ப்யூட்டர்ல ஷேர் பண்ணி நெட்வொர்க் வழியா திறக்குறது இன்னொரு காரணம், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள வைக்கிறது மூணாவது. பராமரிப்புக்குன்னு கரண்டு நிறுத்துற நாள்ல யூபிஎஸ் இல்லாத மெஷின்ல அவுட்லுக்கைத் திறந்தபடியே விட்டிருந்தா அதைவிட வெரசா கெடும்.

.ஓஎஸ்டி கெட்டா ரிப்பேர் பண்ணவே வேணாம், அவுட்லுக்கை மூடிட்டு ஃபைல் பேரை மாத்தி வச்சுட்டுத் திறந்தா சர்வர்லருந்து புதுசா கட்டிக்கும். ஆனா ரெண்டு விசயம். ஐமேப் அக்கவுண்ட்ல காலண்டர், கான்டாக்ட்ஸ் பக்கத்துல திஸ் கம்ப்யூட்டர் ஒன்லின்னு போட்டிருந்தா அது சர்வர்ல இல்ல, மொதல்ல அதை பிஎஸ்டியா எக்ஸ்போர்ட் பண்ணிக்கங்க. ரெண்டாவது, வேலைய விட்டுப் போனவரோட அக்கவுண்டை சர்வர்லருந்து எடுத்துட்டு வெறும் ஓஎஸ்டியை வச்சிருந்தா வேற மெஷின்ல அது திறக்காது, அக்கவுண்டை எடுக்குறதுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணணும்.

ஃபைலே போயிருச்சுன்னா

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சதுலருந்து புது மெஷின் மாத்தினவங்க, ஃபார்மேட் அடிச்சவங்க ஜாஸ்தி. பழைய மெஷின்லயே விண்டோஸை மேல ஏத்தியிருந்தா சி டிரைவ்ல விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர்ல பழைய யூசர் ஃபோல்டர் இருக்கலாம், ஆனா 10 நாள்தான் வச்சிருக்கும். ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி ரீஸ்டோர் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பாருங்க. ஒன்டிரைவ்ல இருந்திருந்தா அதோட ரீசைக்கிள் பின்.

எதுவும் இல்லைன்னா ரெக்யூவா, இல்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல கெடைக்கிற விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி. தொலைஞ்ச டிரைவ்லயே இதை இன்ஸ்டால் பண்ணாதீங்க, மீட்டதையும் அதே டிரைவ்ல எழுதாதீங்க. டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிச் செய்றது இன்னும் நல்லது. பழைய ஹார்ட் டிஸ்க்னா நம்பிக்கை உண்டு, எஸ்எஸ்டின்னா ட்ரிம்னு ஒண்ணு ஓடி அழிச்ச எடத்தைச் சுத்தமா தொடைச்சுரும், அதுல கெடைக்கிறது கஷ்டம், நேரா சொல்லிர்றேன். டிஸ்க் கட கடன்னு சத்தம் போட்டா எந்த டூலையும் ஓட்டாம ஆஃப் பண்ணிட்டு, டேட்டா ரெக்கவரி லேப்ல குடுங்க.

தமிழ் மெயில் எழுத்து கொழம்பி வந்தா

மெயில் இருக்கு, ஆனா தமிழுக்குப் பதிலா மேல கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர்னு வரிசையா வந்தா ஒண்ணும் அழியல, யுடிஎஃப்-8ங்கிற எழுத்து முறைல வந்த மெயிலை வேற முறைல படிக்குது. தண்டர்பேர்டுல வியூ மெனுல ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங், அவுட்லுக்ல மெயிலைத் தனி ஜன்னல்ல திறந்து ஆக்ஷன்ஸ்ல என்கோடிங்னு போய் யுடிஎஃப்-8. ரொம்பப் பழைய மெயில் யூனிகோடுக்கு முந்தின திஸ்கி, டாப் மாதிரி தமிழ் எழுத்துருல இருந்தா என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடாக்கலாம். வெறும் கேள்விக்குறியா வரிசையா இருந்தா அனுப்பும்போதே எழுத்து போயிருச்சு, அனுப்பினவர்கிட்ட மறுபடி கேக்குறதுதான் வழி. சொல்லப்போனா எந்த மெயிலுக்குமே இது கடைசி வழி, பையரோட சென்ட் ஐட்டம்ஸ்ல உங்க மெயிலோட நகல் இருக்கும், கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

மீட்டு முடிச்சதும் ஃபோல்டர் வாரியா எண்ணிக்கையும் கடைசித் தேதியும் சரியா இருக்கான்னு அந்த மெயிலை நெதம் பாக்குறவங்களை வச்சே பாக்கச் சொல்லுங்க, நடுவுல ஒரு மாசம் விட்டுப்போயிருந்தா அவங்களுக்குத்தான் தெரியும். அட்டாச்மெண்ட் நாலைஞ்சைத் திறந்து பாருங்க. அதுக்கப்புறம் காம்பாக்ட் டிக்கைப் போட்டுக்கலாம். பாப்காரங்க இந்த வாய்ப்புலயே ஐமேப்புக்கு மாறிருங்க, மாறினாலும் வாரத்துக்கு ஒருக்கா அவுட்லுக்கை மூடிட்டு ஃபைலை வெளி டிஸ்க்ல காப்பி எடுக்குறதை விடாதீங்க. கெட்டுப்போன ஃபைலோட அந்த மொதக் காப்பியையும் உடனே அழிக்க வேணாம். ஜிஎஸ்டி கணக்குக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதிலருந்து 72 மாசம் ஆவணம் வச்சிருக்கணும், இன்வாய்ஸ் எல்லாம் மெயில்லயே இருக்குற ஆஃபீஸ்னா அந்தக் காப்பியையும் அதுவரைக்கும் தேதி எழுதி வச்சுக்கங்க.